'புட் ஆஃப்' என்றால் ரத்தா, தள்ளிவைப்பா?

மழைக்குருவி:
'தி மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப்' என்று ஆபீஸ் மெயிலில் ஒரே ஒரு வரி, அடுத்த தேதி எதுவும் இல்லை. பக்கத்து சீட்காரர் ரத்து என்று அடித்துச் சொல்கிறார், எனக்கென்னவோ தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றுதான் படுகிறது. இதற்கு நடுவில் ஒரு பேட்டியில் 'ஹிஸ் டோன் புட் மீ ஆஃப்' என்று வேறு கேட்டேன். கூட்டத்தைத் தள்ளிப்போடலாம், ஆளை எப்படித் தள்ளிப்போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஓரப்பார்வை:
நீங்கள் சொல்வதுதான் சரி. ரத்து என்றால் 'கால் ஆஃப்'. தேடுதல் வேட்டையைப் பாதியில் கைவிட்டாலும் அதே 'கால் ஆஃப்'தான். 'புட் ஆஃப்' என்றால் இப்போது இல்லை, பிறகு. தேதி தெரிந்தால் 'புட் ஆஃப் டில் மண்டே' என்று எழுதுவார்கள். தேதி போடாமல் தள்ளிவைத்த மீட்டிங் அப்புறம் நடக்குமா என்பது வேறு கதை, அந்த வகையில் உங்கள் சீட்காரரையும் குறை சொல்ல முடியாது. 'போஸ்ட்போன்' என்பதும் இதே பொருள்தான், கொஞ்சம் விறைப்பான சொல், அவ்வளவுதான்.

திண்ணைவாசி:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இட்', 'தெம்' மாதிரி சொற்கள் வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்று எழுதினால் தப்பு. பின்னால் வினைச்சொல் வந்தால் 'இங்' வேண்டும். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு 'ஹி கீப்ஸ் புட்டிங் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட்'. இதில் 'டு கோ' போடுகிறவர்கள்தான் அதிகம்.

பேட்டியில் கேட்டது வேறு அர்த்தம். அவர் பேசிய தோரணையிலேயே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது, ஆர்வம் விட்டுப்போச்சு என்று பொருள். 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப் ஈட்டிங்' என்றால் அந்த வாடையில் சாப்பிடவே மனசு வரவில்லை. முகம் சுளிக்க வைக்கிற எதையும் 'ஆஃப்-புட்டிங்' என்பதும் இதிலிருந்து வந்ததுதான். ஆக, பொருளோ நிகழ்ச்சியோ என்றால் தள்ளிவைப்பு, ஆள் என்றால் வெறுப்பு.

கடைசிபெஞ்ச்:
திண்ணைவாசி அண்ணே, அந்தக் கடைசி வரி மட்டும் இடிக்கிறது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போனால் இன்று வா, நாளை வா என்று ஒருத்தர் இழுத்தடிக்கிறார் என்று வையுங்கள், அதற்கும் 'ஹி கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்'தான். ஆள்தான், ஆனால் வெறுப்பு இல்லை, சாக்குச் சொல்லி அனுப்புவது. அப்புறம் பிரிட்டிஷ்காரர்கள் கவனத்தைக் கலைப்பதற்கும் இதையே சொல்வார்கள். பந்தை அடிக்கப் போகும் நேரத்தில் பக்கத்தில் நின்று சிரித்தால் 'ஸ்டாப் இட், யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்' என்று கத்துவார்கள். முன்பின் வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

மழைக்குருவி:
நன்றி எல்லோருக்கும், நல்லா புரிஞ்சது. லைட்டை 'புட் ஆஃப்' பண்ணு என்கிறோமே, அது நாமாகச் செய்துகொண்டதா?

ஓரப்பார்வை:
இல்லை, அகராதிகளிலேயே இருக்கிறது. ஆனால் 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' இரண்டும்தான் பரவலான வழக்கு. நெருப்பை அணைக்க மட்டும் 'புட் அவுட்', அங்கே 'ஆஃப்' ஒட்டாது.