வானொலி எப்படி இருக்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது கேட்டதுண்டா?

கல்லடியிலிருந்து:

லண்டனில் இருக்கும் மச்சாள் ஊருக்கு வந்திருந்தபோது தன் தொலைபேசியில் ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். 2025இல் பிபிசி அனுப்பிய வினாப்பட்டியல் அது. பிபிசியிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்ற கேள்விகள். காரணம் எளிது. பிபிசி அரச பட்டயத்தின் கீழ் இயங்குகிறது; மன்னர் பெயரில் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கப்படும் ஆவணம் அது. முதல் பட்டயம் 1927 ஜனவரி 1இல் தொடங்கியது. இப்போதைய பட்டயம் 2027 டிசம்பர் 31உடன் முடிகிறது. அதற்குள் பணி என்ன, நிர்வாகம் யாரிடம், பணம் எங்கிருந்து என்ற மூன்றையும் மீண்டும் பேசித்தான் ஆகவேண்டும்.

மச்சாள் கோபமாகவே பதில் எழுதியிருந்தார். போர்க்காலத்தில் மாமா இரவு ஒன்பதே காலுக்குக் கதவைச் சாத்தி, ஒலியைக் குறைத்து, வானொலிப் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு பிபிசியின் தமிழோசை கேட்பார். 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30உடன் நின்றது. அதை நிறுத்தும்போது அவரைப் போன்ற நேயர்களை யார் கேட்டார்கள் என்பது மச்சாளின் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனாலும் அதை எழுதி அனுப்ப அவருக்கு ஒரு தாள் கிடைத்திருக்கிறது.

நமக்கு? அரச வானொலியான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினிக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டுக்கும் முடிவுத் திகதி கிடையாது. திகதி இல்லாததால் நேயர்களிடம் வந்து கேட்கவேண்டிய கட்டாயமும் எவருக்கும் இல்லை. அமைச்சர் மாறுகிறார், பணிப்பாளர் சபை மாறுகிறது; பணி என்ன என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை.

சாய்ந்தமருதிலிருந்து:

எங்கள் வாப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். கரையை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் தொலைபேசி பயனற்றுவிடும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிய சின்ன வானொலிதான் துணை. "மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் ஊடாக அம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பில்" என்று தொடங்கும்போதே படகில் எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள். காற்றின் வேகத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். இயந்திர இரைச்சலில் பாதி விளங்காது.

வாப்பா கேட்பது பெரிய விடயமே அல்ல. நிதானமாக, இரண்டு தடவை, தினமும் அதே நேரத்தில் வாசிக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடலும் கண்ட கரை இது. கடல் எச்சரிக்கை வானொலியின் சட்டப்படியான கடமை என்று எழுதி வைத்தால், எந்த அதிகாரி வந்தாலும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அப்படி எழுத வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு இடம் எங்கே இருக்கிறது?

அக்கரைப்பற்றிலிருந்து:

இடம் இல்லை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. நான் சட்டம் படிக்கிறேன். முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைக் கூட்டுத்தாபனம் இடைநடுவே நிறுத்தியபோது, அதில் பங்குபற்றிய நேயர் ஒருவர் நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றம் போனார். நிறுத்தியது அவருடைய கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு சாதாரண நேயருக்கு வழக்காடும் உரிமை இருக்கிறதே! அடுத்த ஆண்டு ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தையும் அதே நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் பிடியில் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது இரண்டு. சட்டத்தில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பணியை மீளாய்வு செய்யும் பிரிவு வேண்டும். அந்த மீளாய்வின் அமர்வுகள் கொழும்பில் மட்டுமல்லாமல் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழில் நடக்க வேண்டும். தற்போது கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் எதிர்காலத் திட்டம் ஏதும் உண்டா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிமக்கள் யாரும் கேட்கலாம். விண்ணப்பத்தை நான் எழுதுகிறேன். சாய்ந்தமருது நண்பரே, வாப்பாவின் கோரிக்கையை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே அனுப்பிவையுங்கள். முதல் பக்கத்தில் அதைத்தான் வைக்கப்போகிறேன்.