குளிர்காலத் தன்னார்வ வேலை: இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மொட்டுப்பிரியை:
நானே ஆரம்பிக்கிறேன். தாவரவியல் பூங்காவில் சேர்ந்து அது இரண்டாவது குளிர்காலம். கவாத்து வாரம், அதாவது கிளை வெட்டும் வாரம். ரோஜா, ஆப்பிள் எல்லாம் முடித்தாகிவிட்டது, கையில் கத்தரி, இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம். வேலியோரம் லைலாக் புதர்கள் தாறுமாறாக நின்றன. யாரும் சொல்லவில்லை, நானாகவே எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்டேன். கண்காணிப்பாளர் வந்தார். திட்டவில்லை. கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து, நுனியில் ஜோடியாக இருந்த தடித்த மொட்டுகளில் ஒன்றை நகத்தால் பிளந்து, உருப்பெருக்கியை என் கையில் கொடுத்தார். உள்ளே பச்சையாக ஒரு குட்டிப் பூங்கொத்து! போன கோடையிலேயே உருவாகி உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. "இதுதான் இந்த வருஷப் பூ" என்றார், அவ்வளவுதான். மொத்தம் மூன்று தள்ளுவண்டிக் குச்சிகள். நானேதான் உரக்குழிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

பனிக்கையுறை:
என்னுடையது பெயர்ப்பலகை. செடிகள் அடங்கிய பிறகு பாத்தி பாத்தியாகப் போய்ப் பதிவேட்டோடு ஒப்பிடுவோமே, அந்த வேலை. பியோனிப் பாத்தியில் பாதிப் பலகைகள் சாய்ந்தும் விழுந்தும் கிடந்தன. எல்லாவற்றையும் பொறுக்கி, வெந்நீரில் கழுவி, துடைத்து, தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்ப் பதிவாளர் மேசையில் வைத்தேன். பளபளவென்று இருந்தன. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எது எங்கே இருந்தது?"

இந்த வகைப் பியோனி குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே இருக்காது. பலகையில் இருக்கும் எண் செடி வந்த வருஷமும் வரிசையும் மட்டும்தான். ஆனால் எந்த மலையில் யார் சேகரித்தது என்ற வரலாறு முழுக்க அந்த எண்ணில்தான் தொங்குகிறது. பூத்த பிறகு பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று செடிகளுக்கு இன்றுவரை எண் இல்லை. பூக்கத்தான் பூக்கின்றன, அழகாகவே. ஆய்வுக்கு இனி உதவாது. அந்தப் பாத்தியைச் சுற்றிக்கொண்டுதான் இப்போதும் நடக்கிறேன்.

கவாத்துக்காரன்:
மொட்டுப்பிரியை சகோதரி, தப்பு உங்கள் மேல் இல்லை. புதிதாக வந்தவர் கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டு எதைத் தொடக் கூடாது என்று சொல்லாமல் போனவர் மேல்தான். நானும் முதல் வருஷம் பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவை மொட்டையடித்தவன்தான், ஒரு பூ இல்லை. சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய கிளையில் பூப்பது, புதுக் கிளையில் பூப்பது என்று குளிர்காலத் திட்டத்திலேயே இரண்டு பட்டியல் போட்டுவிடுங்கள். லைலாக், ஃபோர்சித்தியா முதல் பட்டியல். பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டும். பானிக்கிள் ஹைட்ரேஞ்சியா இரண்டாவது. குளிர்காலத்தில் தாராளமாக வெட்டலாம். கிழட்டு லைலாக்கை ஒரே மட்டத்துக்கு வெட்டக் கூடாது. மூத்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுக்க வேண்டும், அடுத்த இரண்டு வருஷமும் அதேபோல. மரமென்றால் கிளையின் அடியில் இருக்கும் வீங்கிய கழுத்தைச் சேர்த்து அறுக்காதீர்கள். காயத்துக்குப் பெயின்ட் வேண்டாம். அது அழுகலைத் தடுக்காது என்று அமெரிக்க மரநோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ மரங்களை அறுத்து அறுத்துக் காட்டிவிட்டார். நோய் பிடித்த கிளையைத் தொட்டால் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். அப்புறம் மூடாக்கு, மண்ணின் மேல் பரப்பும் இலைதழை, மரச்சீவல். மரத்தடியில் கூம்பாகக் குவிக்கிறார்களே, அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் போதும், பட்டையில் படக் கூடாது.

மொட்டுப்பிரியை:
நன்றி. ஆனால் கண்காணிப்பாளரைக் குறை சொல்லாதீர்கள். ரோஜா, ஆப்பிள் என்று எழுதியே கொடுத்திருந்தார். நான்தான் மீறினேன்.

தும்பி:
இங்கே கதையை விட ஆலோசனை நீளமாகிறது. என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். இலையுதிர் கால முடிவில் திட்டக் கூட்டம். காய்ந்த தண்டுகளை வசந்தம் வரை விடுவதா, இப்போதே வெட்டுவதா என்று பேச்சு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்று வாதாடி ஜெயித்தவள் நான். வெட்டிக் கட்டிய கத்தைகளைக் கருவி அறையில் சாத்தி வைத்தோம், விதைப்பைகளுக்குப் பெயர் எழுதும் மேசைக்குப் பக்கத்திலேயே. அங்கே ஹீட்டர் ஓடும். நடுக்குளிர்காலத்தில் ஒரு நாள் பாத்தி வரைபடத்தை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம், கறுப்பாக, எறும்பை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வரைபடத்தின் மேல் நடந்து போகிறது. தண்டின் நடுவில் இருக்கும் மென்மையான நெட்டிக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் சின்னத் தேனீ. கதகதப்பு பட்டதும் வசந்தம் வந்துவிட்டது என்று வெளியே வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி. வரைபடத்தில் நாங்கள் பென்சிலால் வட்டமிட்டிருந்த "மகரந்தச் சேர்க்கைப் பாத்தி" மேலேயே நின்று மீசையைத் துடைத்துக்கொண்டது. அதைத் தண்டோடு ஒரு டப்பாவில் வைத்து, கத்தைகளையும் குளிர்ந்த கொட்டகைக்கு மாற்றினோம்.

கவாத்துக்காரன்:
வசந்தத்தில் வெட்டும்போதும் அடியில் ஒரு முழம் தண்டை விட்டுவிடுங்கள். புதுத் தேனீக்கள் அதில் கூடு வைக்கும்.

தும்பி:
இப்போது அப்படித்தான் செய்கிறோம், ஐயா. வசந்தத்தில் டப்பாவைத் திறக்க மூன்று நாள் தயங்கினேன். திறந்தபோது காலியாக இருந்தது. மூடி சரியாக மூடியிருந்ததா என்று எனக்கு ஞாபகமே இல்லை.