புதுப்பிப்பு: எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் ஒப்பந்த வர்த்தகம்) நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

நிஃப்டி பங்குக் குறியீட்டு ஆப்ஷனில் வந்த 1,80,000 ரூபாய் நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆடிட்டரிடம் பேசிவிட்டேன். முடியாது. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

பங்குச்சந்தையில் நடக்கும் எஃப் அண்ட் ஓ, வருமான வரிச் சட்டப்படி ஊக வணிகம் அல்ல, சாதாரண வியாபாரம். அதனால் அந்த ஆண்டில் சம்பளம் தவிர்த்த மற்ற வருமானங்களில் கழித்துக்கொள்ளலாம். எனக்கு எஃப்டி வட்டி 60,000 வந்திருந்தது. அது முழுசாக நேராகிவிட்டது. மீதி 1,20,000-ஐ அடுத்த 8 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம், வியாபார லாபத்தில் மட்டும். இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்கும்) பங்கு நட்டம் வேறு: அது ஊக வணிகம், 4 ஆண்டுதான், ஊக லாபத்தில் மட்டுமே கழியும். இரண்டையும் தயவுசெய்து கலக்காதீர்கள்.

அப்புறம் டர்ன்ஓவர், அதாவது வரி ஆடிட் தேவையா என்று பார்க்கும் விற்றுமுதல் கணக்கு. காண்ட்ராக்ட் மதிப்பைக் கூட்டிப் பார்த்துப் பயந்தவர்கள் கவனியுங்கள்: ஒரு டிரேடில் 40,000 லாபம், இன்னொன்றில் 70,000 நட்டம் என்றால் இரண்டையும் கூட்டி டர்ன்ஓவர் 1,10,000.

வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் படிவம் ஐடிஆர்-3. புரோக்கரேஜ், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) எல்லாம் செலவாகக் காட்டலாம். நட்டம்தானே என்று தாக்கல் செய்யாமல் விடுவதுதான் பெரிய இழப்பு. கெடு தாண்டினால் அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ரொக்கப் பரிமாற்றமே இல்லாததால் வரி ஆடிட் கட்டாயமாகும் டர்ன்ஓவர் வரம்பு எனக்கு 10 கோடி. முன்பு உத்தேச வருமான முறையில் (டர்ன்ஓவரில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறை) கணக்கு காட்டியவர்கள் மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.