இரவில் லேப் கதவு இறுகுகிறது, காலையில் டிஃபியூசரில் (கூரையில் குளிர்காற்று வரும் வாய்) தண்ணீர் சொட்டுகிறது. எங்கே கோளாறு?

பாயான்_பராமரிப்பு: வணக்கம். பினாங்கில் இரசாயன லேப், 12 x 8 மீட்டர், கூரை 2.8. 1.6 மீட்டர் ஃபியூம் ஹூட் (இரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) ஆறு. எல்லாவற்றுக்கும் விஏவி வால்வு (காற்றின் அளவைத் தேவைக்கேற்ப மாற்றுவது) போட்டாயிற்று. கரண்டு பில் அசையவில்லை. ஏஎச்யூ (குளிர்காற்றை அறைக்கு அனுப்பும் இயந்திரம்) காற்று 13 டிகிரி, இரவு 7 மணிக்கு டைமர் அதன் வேகத்தைக் குறைக்கும். வெளியே திறந்த நடைபாதை. டிஃபியூசருக்கு இன்சுலேஷன் போடச் சொல்கிறார் கொன்ட்ரெக்டர். போடலாமா?

கூரைவிசிறி: காசைக் கரைக்காதீர்கள். 7 மணிக்குப் பிறகு இரண்டைப் பாருங்கள்: கதவுக்கு இருபுறமும் அழுத்த வித்தியாசம், எத்தனை சாஷ் (ஹூட்டின் முன்பக்கக் கண்ணாடிக் கதவு) திறந்திருக்கிறது என்ற கணக்கு.

பாயான்_பராமரிப்பு: மைனஸ் 55 பாஸ்கல். நாலு சாஷ் 450 மி.மீ. திறந்தே கிடக்கிறது.

கூரைவிசிறி: அதுதான். சாஷ் இறங்கினால்தான் விஏவி காற்றைக் குறைக்கும். திறந்து கிடந்தால் உறிஞ்சுவது குறையாது. உள்ளே வரும் காற்றை மட்டும் டைமர் வெட்டிவிடுகிறது. மிச்சத்தை நடைபாதையிலிருந்து கதவிடுக்கு வழியாக அறை இழுக்கிறது. நம் ஊர் வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 டிகிரி. 13 டிகிரி டிஃபியூசரில் பட்டால் வேர்க்காமல் என்ன செய்யும்?

பில் கணக்கு: 1.6 x 0.45 மீட்டர் திறப்பு, அதில் நுழையும் காற்றின் வேகம் (முக வேகம்) 0.5 மீ/வி என்றால் ஒரு ஹூட்டுக்கு வினாடிக்கு 0.36 கன மீட்டர். 32 டிகிரி, 70% ஈரக் காற்றை 13க்கு இறக்க ஏறக்குறைய 21 கிலோவாட் குளிர்ச்சி, அதாவது ஏர்கோன் கணக்கில் 6 டன். ஆறும் திறந்திருந்தால் 36 டன், மணிக்கு 29 முறை அறைக் காற்று முழுதும் மாற்றம்! மூடினால் ஹூட்டுக்கு 0.09 போதும், அறைக்கு 7 மாற்றத்துக்கு மேல் கிடைக்கும்.

டைமரைக் கழற்றுங்கள். வரும் காற்று, வெளியேறும் மொத்தத்தைப் பின்தொடர வேண்டும், 10% குறைவாக. கதவில் மைனஸ் 5 முதல் மைனஸ் 15 பாஸ்கல் வரை நிற்கட்டும். சாஷுக்கு ஆள் விலகினால் தானே மூடும் மோட்டார். ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு வாரம்தான் லா.

குளிர்நீர்: கூரை எக்ஸாஸ்ட் விசிறியை அப்படியே மெதுவாக்கிவிடாதீர்கள் தம்பி. புகைபோக்கி வாயில் 15 மீ/வி இல்லாவிட்டால் புகை கீழிறங்கி ஏஎச்யூ வாய்க்கே திரும்பும். பைபாஸ் டேம்பர் (குறையும் காற்றுக்குப் பதில் வெளிக்காற்றை விசிறிக்கு விடும் மடல்) வேண்டும், அல்லது இரண்டு விசிறி வைத்து ஒன்றை ஓஃப் செய்யுங்கள்.

பாயான்_பராமரிப்பு: நன்றிண்ணே. என்தல்பி சக்கரம் (வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்வரும் காற்றுக்கு மாற்றும் சுழல் சக்கரம்) போட்டால்? முக வேகத்தை 0.3 ஆக்கினால்?

குளிர்நீர்: ஹூட் காற்றைச் சக்கரத்தில் விடவே கூடாது, கரைப்பான் ஆவி உள்ளே ஒட்டி வரும். ரன்-அரவுண்ட் காயில் (இரு காற்றும் கலக்காமல் குழாய் நீர் வழி வெப்பம் மாற்றுவது) பாதுகாப்பு, ஆனால் வெப்பத்தை மட்டும் மீட்கும். இங்கே சுமையில் ஐந்தில் மூன்று பங்கு ஈரம். அதைவிடக் ஏஎச்யூவின் குளிர் காயிலைச் சுற்றி ஹீட் பைப் (மின்சாரமின்றி வெப்பம் கடத்தும் மூடிய குழாய்) நல்லது. முன்பக்கம் 4, 5 டிகிரி இறக்கும், பின்பக்கம் அதே அளவு ஏற்றும். குளிர்ந்த காற்றை மறுபடி சூடாக்கும் மின் ஹீட்டர் இருந்தால் ஓஃப் செய்யலாம்.

0.3க்கு அந்த வேகத்துக்கென்றே செய்த ஹூட் வேண்டும், ஆஷ்ரே 110 (ஹூட்டிலிருந்து புகை கசிகிறதா என்று பார்க்கும்) சோதனையும் தேற வேண்டும். பழைய ஹூட்டில் தொடாதீர்கள். எதை மாற்றினாலும் ஹைஜீன் டெக்னீஷியனை வைத்து மறுபடி அளந்துவிடுங்கள். 12 மாதத்துக்கு ஒரு சோதனை எப்படியும் சட்டப்படி கட்டாயம்.