தொண்டையில் மீன்முள்: எக்ஸ்ரேயில் இல்லை என்றால் இல்லைதானா?

உப்புவெளிக்காரன்:
சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு விளைமீன் முள் தொண்டையில் சிக்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் விழுங்கும்போது குத்துகிறது என்கிறார். இப்போது சிடி ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள். எக்ஸ்ரேயில் இல்லாத முள் ஸ்கானில் எங்கிருந்து வரும்? காசு பிடுங்கும் வேலை.

கொட்டியாரத்தான்:
அதேதான் அண்ணை. முள் இறங்கியிருக்கும், கீறின இடம்தான் நோகும். முள் போன பிறகும் அப்படி உறுத்துவது உண்டு. சோற்றை உருண்டையாகப் பிடித்து விழுங்கச் சொல்லுங்கள்.

நிலாவெளி அக்கா:
தம்பி, சோற்றை விடுங்கள். முள் இருந்தால் அது இன்னும் ஆழமாக ஏறும். நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பவள். மீன்முள் மெல்லியது, கழுத்துத் தசையின் நிழலுக்குள் மறைந்துவிடும். மீனுக்கு மீன் தெரிகிற அளவும் மாறும். இன்னொரு சிக்கல்: வயது போகப்போகக் குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படியும். பக்கவாட்டுப் படத்தில் அது முள் போலவே வெள்ளைக் கோடாக நிற்கும். சிடியில் மெல்லிய குறுக்குவெட்டுகளாகப் பார்ப்பதால் இரண்டையும் பிரித்தறியலாம், முள் உணவுக்குழாய்ச் சுவரைத் துளைத்திருந்தாலும் தெரியும். படத்தில் தெளிவு கூட்டும் மருந்தை ஊசியில் ஏற்றவும் பெரும்பாலும் தேவையில்லை.

கொட்டியாரத்தான்:
அப்படியென்றால் எக்ஸ்ரே எதற்கு? எல்லோரையும் நேரே ஸ்கானுக்கே அனுப்பலாமே!

நிலாவெளி அக்கா:
பிள்ளைகள் காசு விழுங்கினால் எக்ஸ்ரே போதும். பொத்தான் பற்றரி என்றாலும் அதுதான் முதலில்: நேர்ப்படத்தில் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும். பற்றரி என்றால் காத்திருக்கவே கூடாது, 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். முள்ளின் கதை வேறு.

மூதூர் டீச்சர்:
நீங்கள் இருவரும் படத்தைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள். முள் அதிகமாகக் குத்தி நிற்பது டொன்சிலிலும் அடிநாக்கிலும்தான். வாய்க்குள் வெளிச்சம் அடித்து, மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்களா? கையில் எடுக்கக்கூடிய முள்ளுக்கு வயதானவரின் கழுத்தில் ஏன் கதிர் பாய்ச்ச வேண்டும்?

உப்புவெளிக்காரன்:
கமராவும் விட்டார்கள் டீச்சர், ஒன்றுமில்லை. அப்பா காட்டுவது குரல்வளைக்குக் கீழே.

மூதூர் டீச்சர்:
அதை முதலிலேயே எழுதியிருக்கலாமே! அந்தக் கமரா உணவுக்குழாய்க்குள் போகாது. சரி, அப்படியானால் ஸ்கான்தான். பேரியம் (எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் கரைசல்) குடித்துப் படம் எடுப்போம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேள்வி கேளுங்கள். அது உள்ளே பூசிக்கொண்டால் பிறகு குழாய் விட்டு முள்ளை எடுப்பவருக்கு இடம் தெரியாது.

நிலாவெளி அக்கா:
காய்ச்சல், நெஞ்சுவலி, கழுத்து வீக்கம், எச்சில்கூட விழுங்க முடியாமை, இதில் எது வந்தாலும் ஸ்கான் திகதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

கொட்டியாரத்தான்:
எடுங்கள், எடுங்கள். வெறும் கீறல் என்று வந்தால் ஸ்கான் காசை அக்காவிடம் வாங்குவோம்.

உப்புவெளிக்காரன்:
காய்ச்சல் இல்லை. நாளைக் காலை கூட்டிப் போகிறேன். முள் வந்தால் அந்தக் காசை நீதான் கட்ட வேண்டும் தம்பி.