ஜேர்மனியில் படிப்பு இலவசம் என்றார்கள், இந்த 1,500 யூரோ எங்கிருந்து வந்தது?

படுவான்கரை அக்கா:
வணக்கம், கொக்கட்டிச்சோலையில் இருந்து எழுதுகிறேன். தம்பி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்தவன். முதுமாணிக்கு ஜேர்மனியில் இரண்டு இடத்துக்குப் போட்டான். அரச பல்கலைக்கழகம் எல்லாம் இலவசம் என்று முகவர் ஒருவர் அடித்துச் சொன்னார். அதை நம்பி அப்பா வயல் காணியை ஈடு வைத்து, விசாவுக்காக வாழ்க்கைச் செலவுக் காசை முன்கூட்டியே போட்டுப் பூட்டிவைக்கிற வங்கிக் கணக்குக்கு (பிளாக்ட் அக்கவுண்ட்) காசு சேர்த்துவிட்டார். வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டுமே! என் காப்பு இரண்டும் அடகில். இப்போது ஸ்டுட்கார்ட் கடிதத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ என்று இருக்கிறது. டோர்ட்மூண்ட் கடிதத்தில் படிப்புக் கட்டணமே இல்லை. ஒரே நாடு, இரண்டும் அரச பல்கலைக்கழகம். இந்த விலையை யார் வைக்கிறார்கள்?

களுவாஞ்சிக்குடியான்:
அக்கா, இரண்டு கடிதமும் சரிதான். நான் ஸ்டுட்கார்ட்டில்தான் படித்தேன், நானும் கட்டியவன். அங்கே உயர்கல்வி மாநிலங்களின் கையில். ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பேர்க் 2017 குளிர்கால செமஸ்டரில் இருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் இதை எடுக்கிறது. மாநிலச் சட்டம் அது, பல்கலைக்கழகம் நினைத்து வைத்த விலை இல்லை. தொடங்கியபோது அந்த 1,500இல் 300தான் பல்கலைக்கழகத்துக்கு, மிச்சம் மாநில வரவு செலவில் விழுந்த ஓட்டையை அடைக்க. அதனால்தான் எந்தப் பாடமானாலும் ஒரே தொகை. ஆய்வுகூடச் செலவு, பேராசிரியர் சம்பளம் என்று யாரும் கணக்குப் பார்த்து வைத்ததில்லை. நான் கட்டிய காசுக்கு ஒரு கதிரை கூடப் புதிதாக வரவில்லை, அது வேறு கதை.

டோர்ட்மூண்ட் இருக்கிற மாநிலம் அப்படி எடுப்பதில்லை. எல்லா மாணவரும் கட்டுகிற செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான், அதற்குள் பஸ், ரயில் டிக்கெட்டும் அடக்கம். மியூனிக் பக்கம் தம்பி யோசித்தால் கவனம். அது இருக்கிற பவேரியா மாநிலம் சட்டத்தைத் தளர்த்தி, வெளியே இருந்து வருகிறவர்களுக்கான விலையைப் பல்கலைக்கழகங்களே முடிவு செய்யட்டும் என்று விட்டது. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்தில் இருந்து முதுமாணிக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று போட்டது.

லண்டன் மாமா:
ஜேர்மனி பரவாயில்லை பிள்ளை. இங்கிலாந்தில் உள்ளூர்ப் பிள்ளைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, பல வருடமாக 9,250 பவுண்டிலேயே நின்றது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு வரம்பே இல்லை. உள்ளூரில் விழுகிற நட்டத்தை அவன் தலையில் கட்டுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் இதே கூத்துத்தான்: 2019இல் உள்ளூர்க் கட்டணத்தை 10 வீதம் வெட்டி அப்படியே நிறுத்தினார்கள், வெளிநாட்டுக்காரரின் கட்டணத்தைத் தொடவில்லை.

ஒலுவில் வாசி:
நம்மட நாடு மட்டும் என்னவாம்? நமது பிள்ளைகளுக்கு இலவசம், வெளிநாட்டுப் பிள்ளை வந்தால் இங்கேயும் கட்டணம்தான்.

படுவான்கரை அக்கா:
எல்லோருக்கும் நன்றி. நான்கு செமஸ்டருக்கு 6,000 யூரோ என்றதும் அப்பா அதை நெல் மூடையில் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். டோர்ட்மூண்ட் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், "பஸ் டிக்கெட்டும் சேர்த்தா?" என்று இரண்டு தரம் கேட்டார். தம்பிதான் ஸ்டுட்கார்ட் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் டோர்ட்மூண்ட் பக்கம்தான் என்று யாரோ அம்மாவின் காதில் போட்டுவிட்டார்கள். இனி அவவை அசைக்க ஏலாது.