புல் காயட்டும், மரத்தைப் பார்ப்போம்

நம் தெரு – தண்ணீர்க் குழு

14ஆம் வீடு (காலை 6:52): வணக்கம். தண்ணீர்க் கட்டுப்பாடு இன்று முதல். ஒற்றைப்படை வீடுகளுக்குச் செவ்வாய், சனி. இரட்டைப்படைக்குப் புதன், ஞாயிறு. காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஸ்பிரிங்க்ளர் கூடாது, கையில் பிடிக்கும் ஹோஸ் மட்டும்.

7ஆம் வீடு (6:58): அக்கா, என் புல்தரை ஏற்கெனவே வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டே நாள் என்றால் எப்படி? மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். மனசு கேட்கவில்லை.

11ஆம் வீடு (7:05): தம்பி, அது சாகவில்லை, தூங்குகிறது. தண்ணீர் இல்லையென்றால் புல் இலையை விட்டுவிட்டு அடிக்குருத்தையும் வேரையும் காப்பாற்றிக்கொள்ளும். உங்களுடையது அருகு வகைதானே? "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று சும்மாவா வாழ்த்துகிறோம்!

7ஆம் வீடு (7:07): அருகுதான் ஐயா. செத்ததா தூங்குகிறதா என்று எப்படித் தெரியும்?

11ஆம் வீடு (7:10): ஒரு பிடி பிடித்து இழுங்கள். வேர் பிடிமானம் இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த இலையை விலக்கி மண்ணை ஒட்டிப் பாருங்கள், வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ குருத்து தெரியும்.

9ஆம் வீடு (7:21): நான் தினமும் சாயங்காலம் கொஞ்சம் தெளித்துக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பா?

14ஆம் வீடு (7:26): தப்புதான் கண்ணு. மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே நின்றுவிடும், வெயிலில் முதலில் வாடுவது அதுதான். ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சணமும் வரும். ஒன்று ஆழமாக ஊற்ற வேண்டும், இல்லையென்றால் தூங்க விட்டுவிட வேண்டும். கொஞ்சம் தண்ணீர் காட்டி எழுப்பி மறுபடி காயவிடுவதுதான் மோசம். ஒவ்வொரு தளிருக்கும் வேரில் சேர்த்து வைத்ததைத்தானே அது செலவழிக்கிறது?

7ஆம் வீடு (7:30): அப்போ ஒரு சொட்டும் வேண்டாமா?

11ஆம் வீடு (7:41): குருத்து காயாமல் இருக்க, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் போதும். பச்சையாகாது, உயிர் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். என் தரை 60 சதுர மீட்டர், ஆக 720 லிட்டர். வழக்கம்போல வாரம் 25 மி.மீ. கொடுத்தால் வாரத்துக்கே 1,500 லிட்டர். என் ஹோஸில் 15 லிட்டர் பக்கெட் 50 வினாடியில் நிரம்புகிறது. 40 நிமிடம் பிடித்தால் அந்த 720 ஆகிவிடும்.

11ஆம் வீடு (7:43): 2018 தண்ணீர்ப் பஞ்சத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான். 720 என்பது 14 பேருக்கு மேல் ஒரு நாள் தண்ணீர். அதை நினைத்தால் ஹோஸைப் பிடிக்கவே கை வரவில்லை.

9ஆம் வீடு (7:50): புல்லை ஒட்ட வெட்டிவிட்டால் தண்ணீர் குறையாதா?

14ஆம் வீடு (7:52): வேண்டவே வேண்டாம். கொஞ்சம் உயரமாகவே விடு, மண்ணுக்கு நிழல் அதுதான். உரமும் இப்போது போடாதே. அதன்மேல் அதிகம் நடக்கவும் வேண்டாம்.

14ஆம் வீடு (7:58): எனக்குக் கவலை புல்லைப் பற்றி அல்ல, மரங்களைப் பற்றி. புல்லுக்கு விட்ட தண்ணீரைத்தான் இத்தனை நாள் நடுவில் நிற்கும் மரமும் குடித்தது. புல்லை நிறுத்தினால் அதற்கும் நின்றுவிடும். புல்லை ஒரு பருவத்தில் திரும்பக் கொண்டுவரலாம். முப்பது வருட மரத்தை எங்கே போய்த் தேடுவது? அடிமரத்தில் ஊற்றாதீர்கள். உறிஞ்சும் வேர் கிளை விரிந்த ஓரத்தில்தான் அதிகம். பழைய பக்கெட்டில் ஆணியால் ஓட்டை போட்டு அங்கே வையுங்கள், மெதுவாக இறங்கும்.

9ஆம் வீடு (8:04): துணி அலசிய தண்ணீர் ஊற்றலாமா அக்கா?

14ஆம் வீடு (8:05): பிளீச் போடாததென்றால் ஊற்று. சேர்த்து வைக்காதே, அன்றைக்கே ஊற்றிவிடு.

7ஆம் வீடு (மாலை 5:47): இழுத்துப் பார்த்தேன் ஐயா. நடுவில் அசையவே இல்லை. விலக்கினால் அடியில் நகக்கண் அளவு வெளிர்பச்சை. அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கேட் ஓரத்தில் மட்டும் ஒரு கைப்பிடி அப்படியே வந்துவிட்டது.

11ஆம் வீடு (5:55): அந்த இடம் போனது போனதுதான். மழை வந்தால் பக்கத்துப் புல் கொடி ஓடி மூடிவிடும்.

7ஆம் வீடு (6:01): சரி. செவ்வாய்க்கிழமை என் முறை. புல்லுக்கு வேண்டாம், தெருமுனை மரத்துக்கு நான் இரண்டு பக்கெட் வைக்கிறேன்.

9ஆம் வீடு (6:03): சனிக்கிழமை நான் வைக்கிறேன் அண்ணா. ஓட்டை போட்ட பக்கெட்டை மரத்தடியிலேயே விட்டுவிடுங்கள்.